சங்கு: அதன் உயிரும் உறைவிடமும்

நவராத்திரியின் இறுதி நாளன்று கல்லூரி மண்டபத்திலே கலைமகள் பூசை நிறைவெய்துங்கால் சங்கொலி எழும். அவ்வொலியைக் கேளாது கல்வி பயின்றோர் நம்முள் எவருமிலர். சில ஆண்டுகளின் முன் அவ்வாறு பூசை முடிந்து யாவரும் கலையும் வேளையில், கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் பீடத்திலிருந்த சங்கினை உற்று நோக்கி, “இதற்குள்ளே முன்பு என்ன இருந்தது, ஐயா?” என வினவினான். அருகில் நின்ற பெரியோர் சிலர் நகைத்தனர். சிலர் பாஞ்சசன்னியத்தின் பெருமையைக் கூறினர். கேட்ட வினாவுக்கு விடை கூறியவர் எவருமிலர். அவருள் யானும் ஒருவன். அன்று கொடாத விடையை இம்மலரின் வாயிலாகக் கொடுக்க முயல்கின்றேன்.

சங்கு நம் வாழ்விற் பெறும் இடம் சிறிதன்று. பச்சிளங் குழந்தைக்குப் பால் புகட்டுவது சங்கு; திருக்கோயிலில் இறைவனை நீராட்டுவது சங்கு; இறுதி யாத்திரையில் சேமக்கலத்தோடு சேர்ந்து ஒலிப்பதும் சங்கே. இவ்வாறு தொட்டில் முதற் சுடலை வரை நம்மோடு வருகின்ற பொருளை நாம் பொருளாக மட்டுமே அறிவோம். அஃது ஓர் உயிர் தனக்கென அணு அணுவாகக் கட்டிய வீடு என்பதையும், அவ்வுயிர் நம் ஊர்க் கடலின் அடியில் இன்றும் வாழ்கின்றது என்பதையும் நினைப்போர் சிலரே.

சங்கு, மெல்லுடலிகள் எனப்படும் விலங்குக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு கடல் நத்தை. மாரி காலத்தில் நம் வேலியோரங்களில் ஊரும் நத்தைக்கு இது தூரத்து உறவினது. சுவீடன் நாட்டு அறிஞர் லினேயஸ் 1767ஆம் ஆண்டில் இதற்கு விலங்கியற் பெயர் சூட்டியபோது, பேரிக்காயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அழைத்தார். அதன் உருவத்தைக் கண்டார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். இன்று அறிஞர் இதனைத் தர்பினெல்லா பைரம் என வழங்குவர். 1798ஆம் ஆண்டில் ரோடிங் என்பார் சூட்டி, பின்னர் நெடுங்காலம் நூல்களில் வழங்கிய சாங்கஸ் என்னும் பெயரோ நம் ‘சங்கு’ என்னும் சொல்லின் வழியிற் பிறந்ததே.

கடலினின்றும் புதிதாக எடுக்கப்பெற்ற சங்கினைக் கண்டவர் முதலில் ஏமாற்றமடைவர். நாம் போற்றும் வெண்மை அதன்கண் புலப்படாது. கபில நிறமான தோல் ஒன்று ஓடு முழுவதையும் மூடியிருக்கும். அத்தோலை நீக்கிய பின்னரே பால்போலும் வெண்மை தோன்றும். ஓடு முழுவதும் பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருளாகிய கல்சியங் காபனேற்றினால் ஆயது. விலங்கின் உடலைப் போர்த்த மென்சவ்வு அதனைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்து, படைமேற் படையாக, ஒரு படையின் இழைகள் அடுத்த படையின் இழைகளைக் குறுக்கிட்டு ஓடுமாறு அடுக்குகின்றது. ஒரு பலகையின் மேல் மற்றொன்றைக் குறுக்காக வைத்து ஒட்டினாற் பெறப்படும் உறுதி இதனாற் பெறப்படுகின்றது. வாளால் அறுத்து வளையல் செய்தாலும் ஓடு நொறுங்காமைக்குக் காரணம் இதுவே. மேன்மக்களுக்குச் சுட்ட சங்கினை உவமை கூறினார் ஔவையார். நெருப்பிலிட்டால் கரிவளி நீங்கி எஞ்சுவது வெண்சுண்ணமே யாதலின், அவ்வுவமை இரசாயன நூலுக்கும் உடன்பாடாதல் காண்க.

இனி அதன் உறைவிடத்தை நோக்குவாம். இந்தியப் பெருங்கடலின் வடபாகத்திலே சில கரையோரங்களில் மட்டுமே இவ்வினம் வாழ்கின்றது. கத்தியவார்க் கரையிலும் அந்தமான் தீவுகளிலும் இஃது உண்டெனினும், அதன் தலைசிறந்த இல்லம் மன்னார்க் குடாவும் பாக்குக் குடாவுமே ஆகும். சேதுவணை இவ்விரு கடல்களையும் பிரித்து நிற்கின்றது. தெற்கிலுள்ள மன்னார்க் குடா கரையைவிட்டு அகலுந்தோறும் மிக ஆழ்ந்து செல்வது. வடக்கிலுள்ள பாக்குக் குடாவோ பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்கு உட்பட்ட ஆழமுடையது. பெரியதோர் ஏரியை ஒத்தது. நெடுந்தீவுக்கும் காரைநகருக்கும் அப்பால் விரிந்து கிடக்கும் நம் தீவகக் கடல் இதன் ஒரு பகுதியே.

கடலடி எங்கும் ஒரு தன்மைத்தன்று. முத்துச்சிப்பி பாறைத் தளத்தைப் பற்றி வாழும். அத்தகைய தளங்களைக் குளிப்போர் ‘பார்’ என்பர். சங்கு விரும்புவது பாரையன்று, பார்களுக்கு இடையே பரந்து கிடக்கும் மென்மணலையே. அம்மணலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பூச்சி மணல்’ என்பதாம். மண்ணைப் பற்றிய வெறும் பெயரன்று அது. சங்கின் உணவைப் பற்றிய முழு அறிவும் அவ்விரு சொற்களில் அடங்கியுள்ளது. நுண்மணலினுள்ளே குழாய் அமைத்து வாழும் கடற்புழுக்கள் அங்கு நிறைந்துள்ளன. புழு உள்ள விடத்துச் சங்கு உண்டு. புழு அற்ற விடத்துச் சங்கு இல்லை. விலங்கியலார் வலையும் நுணுக்குக்காட்டியும் கொண்டு பிற்காலத்திற் கண்ட உண்மையை, மூச்சடக்கி மூழ்கியவர்கள் முன்னரே கண்டு பெயரிட்டிருந்தனர்.

இங்கே நம்மிற் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. வீட்டு நத்தை தழை தின்பது. சங்கோ ஊனுண்ணும் வேட்டை விலங்கு. கோயிலிற் சாந்தமே வடிவாய் விளங்கும் வெண்சங்கு, கடலடியிற் புழுக்களுக்குப் புலியாக வாழ்ந்தது எனின் வியப்பன்றோ? தடித்த தசைப் பாதத்தினால் அது மணலை உழுது மெல்ல ஊர்ந்து செல்லும். பெரும்பாலும் உடலிற் பாதி மணலுட் புதைந்திருக்கும். ஓட்டின் ஒரு முனையில் வாய்க்கால்போல் நீண்டிருக்கும் பகுதியை யாவரும் கண்டிருப்பர். அதன் வழியே நீர்க்குழல் ஒன்றை வெளியே நீட்டி, நீரை உள்ளிழுத்து, அந்நீரிற் கலந்துள்ள இரையின் மணத்தை அறிகின்றது. நாம் ஓடித் திரிந்து தேடுவதை அது முகர்ந்து தேடுகின்றது. இரையின் குழாய் அகப்பட்டதும், யானையின் துதிக்கைபோல் நீளவல்ல வாயைக் குழாயினுட் செலுத்திப் புழுவைப் பற்றும். அவ்வாயின் உள்ளே அரம்போன்று பல்வரிசை பொருந்திய நாக்கு உண்டு. விரைவு இல்லை, கூச்சல் இல்லை; ஆயினும் அதனிடமிருந்து தப்புதல் புழுவுக்கு எளிதன்று.

வேட்டையாடும் இவ்விலங்குக்கும் பகையுண்டு. துளைக்கும் கடற்பஞ்சு ஓட்டினைப் பற்றி, சிறு சிறு துளைகளாக அரித்து, உறுதியைக் கெடுக்கும். அத்தகைய சங்கினை வணிகர் விலை குறைத்தே கொள்வர். பகைவர் அணுகின், தன் உடலை உள்ளே இழுத்து, பாதத்தின் பின்புறத்தே அமைந்த தடித்த மூடியால் வாயிலை அடைத்துக்கொள்ளுதலே சங்கின் தற்காப்பு. புலவரால் ஏத்தப்பெற்ற இவ்வீட்டுக்குக் கதவும் உண்டு என்க.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய செய்திக்கு வருவாம். சங்கில் ஆண், பெண் என இருபாலும் தனித்தனியே உள. ஆண்டின் முற்பகுதியிலே பெண்சங்கு முட்டையிடும். அது முட்டைகளை நீரில் வீசிவிடுவதில்லை. ஆட்டுக்கடாவின் முறுக்குண்ட கொம்பை ஒத்த நீண்ட கூடு ஒன்றைத் தோல்போன்ற பொருளால் அமைத்து, அதன் அடியை மணலில் ஊன்றி நிறுத்துகின்றது. கூட்டினுள்ளே அறைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறையிலும் இடப்பெறும் முட்டைகள் பல; வளர்ந்து வெளிவரும் குஞ்சுகள் சிலவே. அவை கூட்டைவிட்டு வெளிப்படும்போதே ஓடு பூண்ட சிறு சங்குகளாய், தாய் ஊர்ந்த அதே மணலில் ஊரத் தொடங்குகின்றன.

இதன் பொருள் யாது? முத்துச்சிப்பி முதலான பல கடலுயிர்களின் குஞ்சுகள் பிறந்தவுடன் நீரில் மிதந்து, நீரோட்டத்தோடு நெடுந்தூரம் சென்று, தக்க இடம் கண்டு தங்கும். ஓரிடத்தில் அவ்வினம் அழிந்தாலும் வேறிடத்துக் குஞ்சுகள் வந்து அவ்விடத்தை நிரப்பக்கூடும். சங்குக்கு அந்த மிதக்கும் பருவமே இல்லை. அதன் குஞ்சு செல்லும் தூரம் அதன் பாதம் ஊரும் தூரமே. ஆதலின் ஒவ்வொரு சங்குப் படுகையும் ஒரு தனிக் கிராமம் போன்றது. அங்கு பிறந்தவை அங்கேயே வளர்ந்து அங்கேயே மடிகின்றன. தூத்துக்குடிச் சங்கு, இராமேசுவரச் சங்கு, யாழ்ப்பாணச் சங்கு என்பனவற்றை வணிகர் வடிவமும் கனமும் நோக்கிப் பிரித்தறிவதும் இதுபற்றியே இயல்வதாயிற்று. ஒரு படுகை முற்றாக அழியுமாயின் அயலிலிருந்து வந்து குடியேறுவார் இலர் என்பதை இவ்விடத்து நெஞ்சிற் கொள்க. இதற்கு மீண்டும் வருவோம்.

சங்கைப் பற்றிப் பேசுவோர் வலம்புரியைப் பேசாது விடுதல் கூடாது. அதிலே மாணவரை மயக்கும் முரண்பாடு ஒன்றுளது. நாம் வலம்புரி என்பதை மேனாட்டு விலங்கியலார் ‘இடப்புறத்தது’ என்பர். யார் கூற்றுப் பிழை? ஒருவரும் பிழைபட்டிலர். சங்கின் கூர்முடியை மேலே வைத்து, வாய் நம்மை நோக்குமாறு பிடித்தல் விலங்கியலார் வழக்கம். நீர்வாய்க்காலை மேலே வைத்துப் பிடித்தல் நம்மவர் வழக்கம். தலைகீழாகப் பிடித்தால் வலம் இடமாகும், அவ்வளவே. பொருளில் வேறுபாடு இல்லை. நம் கையில் வாய் இடப்புறமாகத் தோன்றும் இடம்புரிகளே எங்கும் மலிந்துள்ளன. அவற்றின் நேரெதிர் உருவமாய், கண்ணாடியிற் கண்ட நிழல்போல் அமைவது வலம்புரி. இலட்சத்தில் ஒன்று என உலகோர் கூறுவது அதன் அருமையை உணர்த்துதற்கே. 1887ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் கிடைத்த வலம்புரி ஒன்று எழுநூறு ரூபாவுக்கு விலைப்பட்டதென எட்கார் தேர்ஸ்டன் என்பார் எழுதியுள்ளார். அக்காலத்தில் அஃது எத்துணைப் பெருந்தொகை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு திரும்பிப் பிறத்தற்குக் காரணம் என்ன? குளத்து நத்தைகளை ஆராய்ந்த அறிஞர், ஓடு எப்புறம் முறுக்கும் என்பதை அக்குஞ்சின் சொந்த மரபணுவன்று, தாயின் மரபணுவே நிச்சயிக்கின்றது என 1923ஆம் ஆண்டிற் கண்டனர். முட்டை முதன்முதல் நான்காகவும் எட்டாகவும் பிளக்குங்காலத்திலேயே முறுக்கின் திசை முடிவாகிவிடுகின்றது. அதற்குரிய மரபணு 2016ஆம் ஆண்டில் அந்நத்தைகளில் இனங்காணப்பட்டது.

அருமை உள்ளவிடத்துப் போலியும் உண்டு. அமெரிக்காவின் கீழ்க்கரையிலும் மெக்சிக்கோக் குடாவிலும் வாழும் வேறொரு பெரிய கடல்நத்தை இயல்பிலேயே வலம்புரியாக முறுக்கியது. அங்கு அஃது அருமையானதன்று. அதன் ஓட்டினைத் தேய்த்து வெண்மையாக்கி வலம்புரிச் சங்கென விற்போர் உளர். அன்பர்கள் ஏமாறாதிருத்தற்கு எளியதோர் அடையாளம் கூறுவேன். மெய்ச்சங்கின் வாயினுள்ளே, நடுத்தூணின்மீது மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரம்புகளைப் போல் உயர்ந்து ஓடும். விரலால் தடவினாலே தெரியும். அமெரிக்க நத்தையின் தூண் வழுவழுப்பானது, அம்மடிப்புகள் அதற்கில்லை. பெருந்தொகை கொடுக்குமுன் விரலை உள்ளே செலுத்திப் பார்த்தல் நன்று.

சங்கின் வாணிகம் வரலாற்றினும் பழையது. சிந்துவெளி நாகரிகத்து மக்கள் கூர்ச்சரக் கரையின் சங்கினை அறுத்து வளையல் செய்தனர். நாகேசுவரம் என்னுமிடத்து அகழ்வில் அத்தொழிலின் எச்சங்கள் குவியலாகக் கிடைத்தன. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வணிகர் கொஸ்மாஸ், இலங்கைக்கு எதிர்க்கரையிற் சங்கு ஏற்றுமதி செய்யும் துறைமுகம் ஒன்றைக் குறித்துள்ளார். கோவையில் வாழ்ந்த போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஒர்த்தா 1563ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வங்காளத்துக்குச் செல்லும் பண்டமாகச் சங்கினைக் கூறுகின்றார். வங்கநாட்டுச் சுமங்கலிகளுக்குச் சங்குவளையல் நம் தாலியை ஒத்தது. டாக்கா நகரின் சங்காரித் தெருவில் பிறை வடிவான பெருவாளைக் கொண்டு, தலைமுறை தலைமுறையாகச் சங்கறுத்தவர்கள், நம் கடலிற் பிறந்த ஓட்டைக்கொண்டே தம் நாட்டு மணமகளிரை அணிசெய்தனர். கடலாற் பிரிந்த இரு நாடுகளை ஒரு நத்தை இணைத்தது எனல் மிகையாகாது.

அச்சங்கினைக் கரைக்குக் கொணர்ந்தவர்கள் சுழியோடிகள். கீழக்கரை முதலிய ஊர்களின் முசிலிம் மக்களும், தூத்துக்குடிப் பரதவரும் இத்தொழிலிற் பேர்பெற்றவர். மூச்சுக் கருவி எதுவுமின்றி மூழ்கி, மணலில் சங்கு ஊர்ந்த சுவட்டைக் கண்டு, அச்சுவட்டின் வழியே சென்று அதனைக் கைப்பற்றுவர். நீர் கலங்கிய நாளில் சுவடு மறையும், தொழிலும் நிற்கும். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இத்தொழிலை அரசுரிமையாக்கிக் குத்தகைக்கு விட்டுப் பொருளீட்டினர். யாழ்ப்பாணத்திலோ வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. நம் கடனீரேரியின் சேற்றின் கீழே, பழங்காலத்து இறந்த சங்குகள் திரளாகப் புதைந்து கிடந்தன. இரும்புக் கம்பியாற் சேற்றைக் குத்திப் பார்த்து, கம்பி தட்டும் உணர்ச்சியால் அறிந்து அவற்றைத் தோண்டியெடுப்போர் இருந்தனர். உயிர்ச்சங்கினுக்கு மூழ்கியவர் ஒருபுறமும், செத்த சங்கினுக்குச் சேறு துழாவியவர் மறுபுறமுமாக இக்கரை விளங்கியது.

இவற்றையெல்லாம் முறையாக ஆராய்ந்து எழுதியவர் ஜேம்ஸ் ஹோர்னல் என்னும் ஆங்கிலேயர். 1902ஆம் ஆண்டில் பேராசிரியர் ஹேர்ட்மனோடு முத்துக்குளிப்பை ஆராய இலங்கைக்கு வந்த இவர், பின்னர் சென்னை மாகாணத்து மீன்வளத் துறையிற் பணியாற்றினார். 1914ஆம் ஆண்டில் சங்கினைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். நம் முன்னோர் வாயிலிருந்த அறிவைப் பிறநாட்டார் ஒருவர் பொறுமையோடு கேட்டு ஏட்டில் ஏற்றினார் என்பது நம் மாணவர் சிந்தித்தற்குரியது.

இப்பொழுது முன்னர் விட்ட இடத்துக்கு மீள்வோம். குஞ்சு நெடுந்தூரம் செல்லாத உயிரைக் காத்தல் எவ்வாறு? முதியவர்கள் ஒரு வழி கண்டனர். தூத்துக்குடிக் கரையில் அளவு வளையத்தினுள் நுழைந்துவிடும் சிறு சங்கினை உயிரோடு மீளவும் கடலில் விடுதல் விதியாயிருந்தது. இலங்கையில் 1890ஆம் ஆண்டிலேயே சங்குகளுக்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இன்று 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தின் கீழமைந்த ஒழுங்குவிதிகள், 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுடைய சங்கினைப் பிடித்தலையும் விற்றலையும் தடுக்கின்றன. அந்த அளவு வெறும் எண்ணன்று. ஒரு சங்கு தன் மணலில் ஒரு முறையேனும் கூடு ஊன்றிவிட்டுச் செல்லட்டும் என்னும் கருணையே அதன் உட்பொருள்.

ஆயினும் அளவுவிதி சுழியோடியின் கையைக் கட்டுமேயன்றி இழுவைமடியைக் கட்டாது. சுழியோடி சங்கை ஒவ்வொன்றாகக் கண்டு எடுக்கின்றான். சிறியதை விட்டுவிடவும் அவனால் இயலும். விசைப்படகு இழுக்கும் மடியோ கடலடியை வாரிக்கொண்டு செல்கின்றது. அதற்குப் பெரியது சிறியது என்னும் பேதமில்லை. மணலில் ஊன்றிய முட்டைக்கூடும், புழுவின் குழாயும், புழுவை உண்ணும் சங்கும் ஒருங்கே பெயர்க்கப்படுகின்றன. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் நம் மீனவர் கடலுக்குச் செல்லவே தடைகள் இருந்தன. 2009ஆம் ஆண்டின் பின் அவர்கள் கடலுக்கு மீண்டபோது, எதிர்க்கரை இழுவைப்படகுகள் அக்கடலை வாரிச் செல்லும் காட்சியைக் கண்டனர். 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் இலங்கை அடிமடி இழுவையைத் தன் கடலில் முற்றாகத் தடை செய்தது. சட்டம் செய்தல் ஒன்று. கடலில் அது நிலைபெறுதல் வேறொன்று. எதிர்க்கரையில் மடி இழுப்போரும் நம்மொழி பேசும் ஏழை மக்களே யாதலின், இச்சிக்கலைப் பகையாற் தீர்த்தல் இயலாது. இருகரையாரும் அறிவால் தீர்த்தல் வேண்டும். அவ்வறிவின் முதற்பாடம், கடலடி வெறும் மணலன்று, அஃது ஓர் ஊர் என்பதே.

சங்கினைக் காதில் வைத்தாற் கடலின் ஓசை கேட்கும் என்பர். விஞ்ஞானம் அதனை ஒப்பாது. நம்மைச் சூழ்ந்துள்ள சிற்றொலிகளே சங்கின் உள்ளறையிற் பட்டு அதிர்ந்து பெருகி மீள்கின்றன. ஒலியற்ற அறையில் அதே சங்கு வாளாவிருக்கும். ஆகவே சங்கு தன் கடலைப் பற்றித் தானாக ஒன்றும் உரைப்பதில்லை. அதற்காக உரைக்க வேண்டியவர் நாமே.

அன்று வினவிய சிறுவன் இப்போது மேல்வகுப்பை எட்டியிருப்பான். அவனுக்கு யான் கூறும் விடை இது: தம்பி, அதற்குள்ளே ஓர் உயிர் இருந்தது. அது நம் தீவுகளுக்கப்பால் உள்ள மணலிற் பிறந்து, தான் பிறந்த மணலைவிட்டு நெடுந்தூரம் செல்லாது, முகர்ந்து வேட்டையாடி வாழ்ந்தது. அது கட்டிய வீட்டையே நாம் பீடத்தில் வைத்து வணங்குகின்றோம். வீட்டை வணங்குவோர் அது நின்ற ஊரையும் காத்தல் முறையன்றோ? அடுத்த நவராத்திரியில் சங்கொலி கேட்கும்போது இதனையும் நினைந்துகொள்.